வாடையில்லாத கேஸ்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஃபிரிட்ஜ் ரிப்பேர் என்றால் ஷஃபியுல்லா பாய்தான். பலசரக்கு மண்டிகளுக்கு நடுவே, ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே வந்தாக வேண்டிய அளவுக்குத்தான் அவர் கடை. தொழிலில் கெட்டிக்காரர். ஆனால் பயந்தாங்கொள்ளி. இது புறம்பேச்சு இல்லை, கடைக்கு வருகிறவர்களிடம் அவரே சிரித்துக்கொண்டு சொல்கிற சமாச்சாரம். டவுன் பஸ் முழுதாக நின்றால்தான் இறங்குவார். அதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்து, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்த நாட்கள் எத்தனையோ. வீட்டுக்காரி வஹீதுன்னிசா அக்கம்பக்கத்தில் சொல்வாள்: "எங்க ஊட்டுக்காரரு சொந்த நிழலுக்கே ஒதுங்கி வழி உடுறவரு."

பிறக்கும்போதே அப்படியில்லை. முப்பத்திரண்டு வயதுவரை பயம் என்றால் என்னவென்று கேட்கிற ஆளாகத்தான் இருந்தார். அப்போது அவருக்கு வீடு சேலத்தில், வேலை மேட்டூரில். அணையில் பிடிக்கிற மீனுக்கு ஐஸ்கட்டி போடுகிற கம்பெனி ஒன்றில் மெஷின் ஆபரேட்டர்.

அந்த நாளில் ஐஸ் கம்பெனி என்றால் அம்மோனியா. பெரிய மெஷின், தொடை பருமனுக்கு இரும்புக் குழாய், அதற்குள் அம்மோனியா. நாற்றம் என்றால் அப்படியொரு நாற்றம். லேசாகக் கசிந்தாலே கண்ணில் தண்ணீர் கொட்டும், மூக்கு எரியும். அதிகமாகக் கசிந்தால் நுரையீரலை வேகவைத்துவிடும். ஆனால் அம்மோனியாவுக்குத் தண்ணீர் என்றால் ஆகாது, பட்டதும் கரைந்துவிடும். அதனால் மெஷின் ரூம் வாசலில் ஒரு வாளித் தண்ணீரும், அதற்கு மேல் ஆணியில் ஒரு துண்டும் எப்போதும் இருக்கும். துண்டு சொட்டச் சொட்ட ஈரமாக இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். குழாய் உடைந்தால் அதை மூக்கோடு வாயோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உள்ளே ஓடி வால்வை மூடிவிட்டு ஓடிவந்துவிடலாம். ஷிஃப்ட் மாறும்போது ஒருவர் துண்டை நனைத்து மாட்டிவிட்டுப் போவார், அடுத்தவர் தொட்டுப் பார்த்துவிட்டு உட்காருவார்.

ஷஃபியுல்லாவுக்கு அடுத்த ஷிஃப்ட் சடையன். மேட்டூர்க்காரர். வாய் ஓயாமல் பேசுகிறவர், ஷஃபியுல்லாவுக்கு உயிர் சிநேகிதர்.

1972, ஒரு சித்திரை மாத மத்தியானம். அன்று வலையில் நல்ல கெளுத்தி விழுந்திருந்தது. மீன்காரர்கள் ஷஃபியுல்லாவுக்கு இரண்டு பெரிய மீனைச் சும்மா கொடுத்தார்கள். சேலத்துக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், வெயிலோ மண்டையைப் பிளக்கிறது. மீன் கெட்டுவிடக் கூடாதே என்று சுற்றுமுற்றும் பார்த்தார். ஆணியில் ஈரத்துண்டு தொங்கியது. கொஞ்சம் ஐஸை உடைத்துப் போட்டு, மீனை அந்தத் துண்டிலேயே சுற்றி எடுத்துக்கொண்டார். நாளைக்குக் காலையில் கொண்டுவந்து மாட்டிவிட்டால் போயிற்று. ஒருநாள் துண்டு இல்லாவிட்டால் என்ன குடியா முழுகிவிடும் என்று நினைத்தார். சடையன் அன்று ஐந்து நிமிடம் தாமதம். அவருக்காகக் காத்திருந்தால் பஸ் போய்விடும் என்று கிளம்பியும்விட்டார்.

அன்று நான்கு மணிக்கு மெஷினில் அம்மோனியா மட்டம் காட்டுகிற கண்ணாடிக் குழாய் ஒன்று தெறித்தது. சடையன் வாசலுக்கு ஓடிவந்து ஆணியைத் தடவியிருக்கிறார். வாளி இருந்தது, துண்டு இல்லை. சட்டையைக் கழற்றி நனைக்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும், அந்த ஒரு நிமிடத்தை அவர் செலவழிக்கவில்லை. அப்படியே உள்ளே ஓடி வால்வை மூடினார். அந்தப் பக்கம் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த பதினோரு பேரும் பிழைத்தார்கள். சடையன் ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் இறந்துபோனார்.

ஷஃபியுல்லாவுக்கு விஷயம் தெரியாது. மறுநாள் காலையில் வஹீதுன்னிசா மீன் வாடை போகச் சோப்புப் போட்டுத் துவைத்து, வெயிலில் காயவைத்து, நான்காக மடித்துக் கொடுத்த துண்டோடு போய் இறங்கினார். வாசலில் கூட்டம். காய்ந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அது எந்தத் துண்டு என்று ஒருவரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. வீட்டுக்காரியிடம்கூடச் சொல்லவில்லை. அன்றோடு மேட்டூர் வேலையை விட்டார். அன்றையிலிருந்துதான் பயந்தாங்கொள்ளி ஆனார்.

சேலத்திலேயே ஃபிரிட்ஜ் வேலை கற்றுக்கொண்டபோதுதான் ஃபிரியானைப் பார்த்தார். இந்த கேஸுக்கு வாடை கிடையாது. நெருப்புப் பிடிக்காது. கண் எரியாது. இரும்பை அரிக்காது. அம்மோனியாவிடம் அடிபட்ட மனிதருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆண்டவனாகப் பார்த்துத் தனக்காகவே அனுப்பிவைத்த கேஸ் என்று நினைத்தார். பழைய ஃபிரிட்ஜ் வந்தால் குழாயை வெட்டி உள்ளே இருப்பதைப் புஸ்ஸென்று தெருவில் விடுவார், பிறகு புது கேஸ் அடைப்பார். எல்லா மெக்கானிக்கும் அப்படித்தான். குழாயில் தூசி இருந்தாலும் ஃபிரியானாலேயே ஊதுவார். பயந்த வாடிக்கையாளர்கள் முன்னால் உள்ளங்கையில் பீய்ச்சிக் காட்டி, ஒரே வசனத்தைப் பதினைந்து வருஷத்துக்கு மேல் சொன்னார்: "கைப்புள்ளையக்கூடப் பக்கத்துல படுக்கப் போடலாம். ஒண்ணும் பண்ணாது." மகள் அஜீஸுன்னிசா பாவாடை கட்டிய வயதிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்தவள்.

கசிவு கண்டுபிடிக்க மற்றவர்கள் சோப்பு நுரை பூசுவார்கள். ஷஃபியுல்லாவுக்கு வாயிலிருக்கிற பீடியே போதும். ஃபிரியான் நெருப்பில் பட்டால் புகை கசக்கும். குழாயோரமாகப் பீடியை இழுத்துக்கொண்டே போவார். எங்கே நாக்கு கசக்கிறதோ அங்கே ஓட்டை. அந்தக் கசப்பே ஒரு விஷம் என்பது அவருக்குத் தெரியாது, தெரிந்த யாரும் சொல்லவுமில்லை.

1989 தை மாதம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஓட்டல் ஒன்றில் மெக்கானிக்குகளுக்கெல்லாம் ஒருநாள் வகுப்பு வைத்தார்கள். மெட்ராஸிலிருந்து வீரபாகு என்று ஒரு இன்ஜினியர் வந்திருந்தார். சின்ன வயசு, மெதுவான குரல். கரும்பலகையில் பூமியை வட்டமாக வரைந்து, அதைச் சுற்றி இன்னொரு வட்டம் போட்டார்.

"நீங்க தெருவுல விடுற ஃபிரியான் எங்க போகுதுன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார்.

"காத்தோட போயிரும் சார்" என்றது கூட்டம்.

போகாது என்றார் அவர். மழையில் கரையாது, மண்ணில் மக்காது, எதோடும் சேராது. நல்ல கேஸ் என்று நாம் கொண்டாடுகிற குணமே அதுதான். அதனால் வருஷக்கணக்கில் மேலே ஏறிக்கொண்டே இருக்கும். உச்சிக்குப் போனதும் வெயில் அதை உடைக்கும், உள்ளேயிருந்து குளோரின் பிரிந்து ஓசோனைத் தின்னும். தென் துருவத்துக்கு மேலே ஏற்கனவே ஓட்டை கண்டுபிடித்துவிட்டார்கள். இன்னொன்றையும் சொன்னார். பூமியிலிருந்து வெளியே போக வேண்டிய சூட்டை இந்த கேஸ் போகவிடாமல் பிடித்துவைக்கும். ஒரு கிலோ கரியமில வாயு பிடிப்பதைவிட ஒரு கிலோ ஃபிரியான் பல ஆயிரம் மடங்கு அதிகமாகப் பிடிக்கும். அதுவும் ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. நூறு வருஷம்.

ஷஃபியுல்லா எழுந்தார். வகுப்பில் அவர் கேள்வி கேட்பார் என்று யாரும் நினைக்கவில்லை.

"இதுக்குப் பதிலா வேற கேஸ் வருதுன்னு சொல்றாங்களே சார், அது?"

"வருது பாய். அது ஓசோனைத் தொடாது. ஆனா சூட்டைப் பிடிச்சு வைக்கிற புத்தி அதுக்கும் உண்டு. இதைவிடக் கம்மி, அவ்வளவுதான்."

"அப்ப ரெண்டும் பண்ணாத கேஸ் எதுதான் சார்?"

"இருக்கே. உங்க பழைய அம்மோனியா."

மற்ற மெக்கானிக்குகள் வடை மொறுமொறுவென்று இருந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டே கலைந்தார்கள். ஷஃபியுல்லா மட்டும் ஓட்டல் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். ஐம்பதை நெருங்குகிற வயதில் முதல்முறையாக வானத்தைப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது. எத்தனை ஃபிரிட்ஜ், எத்தனை வருஷம், எத்தனை புஸ். அத்தனையும் இன்னும் அங்கேயே இருக்கிறது.

வீட்டில் சொன்னபோது வஹீதுன்னிசா சிரித்தாள். "நீங்க ஒருத்தரு ஊதுனதுலயா வானம் பொத்தலாவப் போவுது? பெரிய சூராதி சூரரு!"

"என்னாட்டம் ஒலகம் பூரா ஊதுறானுங்களே புள்ள" என்றார். அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

அந்த மாசமே சென்னியப்பன் கடைக்கு வந்தார். நாமக்கல் போகிற வழியில் புதன்சந்தையிலிருந்து உள்ளே தள்ளி அவருக்குக் கோழிப்பண்ணை. ஆயிரக்கணக்கில் முட்டை. வெயில் காலத்தில் முட்டை கெட்டுப் போவதால் குளிர்கிடங்கு ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க பாய், உங்க மாப்பளையே ஆபரேட்டரா வரட்டுமுங்க. காம்பவுண்டுக்குள்ளயே ஊடு கட்டித் தாரேன். அம்மோனியா போடறதா, ஃபிரியான் போடறதான்னு மட்டும் நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னாச் சரிதானுங்க."

மருமகன் அப்துல் சலாமுக்கு நிலையான வேலை இல்லை. மகளுக்குக் கைக்குழந்தை, நான்கு மாத ஆண். அந்தக் கிடங்கின் சுவரை ஒட்டித்தான் அவர்கள் குடியிருக்கப் போகிறார்கள். அம்மோனியா என்று சொல்ல ஷஃபியுல்லாவுக்கு நாக்கு எழுந்தது. உடனே அந்த ஆணி கண்ணில் தெரிந்தது, துண்டில்லாத ஆணி. ஃபிரியான் என்றால் வானம். வானம் தூரத்தில் இருக்கிறது, பேரன் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பான்.

"ஃபிரியானே போட்டுருங்க முதலாளி" என்றார். "அதுல பயமில்ல."

சொன்ன பிறகு அவரால் சாப்பிட முடியவில்லை.

எண்பது கிலோ ஃபிரியான் அடைத்து, பங்குனியில் கிடங்கு ஓடத் தொடங்கியது. சித்திரை பிறந்ததும் வெயில் கொடுமையாக ஏறியது. கல்நார் ஓடு போட்ட வீடு. குழந்தை உடம்பு முழுக்க வேர்க்குரு, ஓயாத அழுகை. அந்த நேரம் பார்த்துக் கிடங்கில் குளிர் இறங்கவில்லை என்று அப்துல் சலாம் போன் செய்தான். மூன்று நாளாக மெஷின் ஓடி ஓடி நின்றுவிடுகிறதாம்.

குளிர் இறங்கவில்லை என்றால் கேஸ் குறைகிறது, எங்கோ ஓட்டை. ஷஃபியுல்லா பையைத் தூக்கிக்கொண்டு நாமக்கல் பஸ் ஏறினார். வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே ஆவி பறந்தது. இதிலும் என் பங்கு கொஞ்சம் இருக்கிறது என்று முணுமுணுத்தார். நல்லவேளை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு அது கேட்கவில்லை.

கிடங்குக்கு முன்னால் முட்டையைப் பொறுக்கிப் பிரிக்கிற சின்ன அறை ஒன்று உண்டு. கேஸ் குழாய்கள் அதன் வழியாகத்தான் உள்ளே போகும். அனல் காற்று வராமலிருக்க ஜன்னல், கதவு எல்லாம் சாத்தியிருந்தது. பண்ணை ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள், அப்துல் சலாம் பின்னால் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஷஃபியுல்லா கதவைத் திறந்தார். கிடங்கின் குளிர் கொஞ்சம் அங்கேயும் இருந்தது. தரையில், மடித்துப் போட்ட சேலைமேல், பேரன் தூங்கிக்கொண்டிருந்தான்.

இந்த வெயிலில் பிள்ளை தூங்க மகள் நல்ல இடம் கண்டுபிடித்திருக்கிறாள் என்று அவருக்குச் சிரிப்புக்கூட வந்தது. பிள்ளையிடம் பீடியோடு போகக்கூடாதே என்று அணைக்கக் குனிந்தார். தரையில் தேய்ப்பதற்கு முன் கடைசியாக ஒரு இழுப்பு இழுத்தார்.

நாக்கு கசந்தது. இதுவரை எந்த ஓட்டையிலும் பார்க்காத கசப்பு, தொண்டை வரைக்கும்.

ஃபிரியான் காற்றைவிடக் கனம். ஓட்டை எங்கே இருந்தாலும் கேஸ் தரைக்கு இறங்கித் தண்ணீர் தேங்குவதுபோலத் தேங்கும். தேங்கிய இடத்தில் மூச்சுக்குக் காற்று இருக்காது. மூக்குக்குத் தெரியாது, கண் எரியாது, இரும வைக்காது. தூங்குகிறவன் தூங்கிக்கொண்டே இருப்பான்.

ஷஃபியுல்லா மூச்சை அடக்கிக்கொண்டு, சேலையோடு பிள்ளையை வாரிக்கொண்டு வெளியே ஓடினார். புங்கமரத்தடியில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்தார். உதடு நீலம் பூத்திருந்தது. கழுத்து ஒரு பக்கமாகச் சரிந்தது. வாயில் வாய் வைத்து ஊதினார். முதுகைத் தேய்த்தார். "எந்திரிடா, எந்திரிடா ராசா" என்று கத்தினார். பதினேழு வருஷத்துக்கு முன்னால் சடையனுக்குக் கொடுக்க முடியாத மூச்சையெல்லாம் சேர்த்து ஊதுவதுபோல ஊதினார்.

குழந்தை ஒருமுறை விக்கியது. பிறகு வீறிட்டது.

சத்தம் கேட்டு அஜீஸுன்னிசா சமையற்கட்டிலிருந்து ஓடிவந்தாள். பிள்ளையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, என்ன நடந்தது என்று புரியாமல் விழித்தாள்.

"நீங்கதானே அத்தா சொல்வீங்க... கைப்புள்ளையக்கூடப் பக்கத்துல படுக்கப் போடலாம்னு."

அவர் திரும்ப ஓடி, வெளியிலிருந்தே ஜன்னல்களை இழுத்துத் திறந்தார். கதவுக்குக் கல்லை முட்டுக் கொடுத்தார். அப்துல் சலாம் மெஷினை நிறுத்திவிட்டு ஓடிவர, இருவரும் ஆளுக்கொரு சாக்கை எடுத்து வாசலில் நின்று வெறி பிடித்தாற்போல் விசிறினார்கள். போ, போ, வெளியே போ. அறையில் தேங்கியதில் ஒரு பொட்டு மிச்சமில்லாமல் போகும்வரை விசிறினார்கள்.

சென்னியப்பன் பண்ணையிலிருந்து மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். குழந்தை அழுவதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அந்தச் சனியன் கேஸு எல்லாம் வெளிய போயிருச்சுங்களா பாய்?"

"போயிருச்சுங்க."

"அப்பறம் என்னங்க, இனி பயமில்ல."

ஷஃபியுல்லா சாக்கைக் கீழே போட்டார். வெளியே என்றால் எங்கே? அவர் கையாலேயே விசிறி அனுப்பியது எங்கே போகும் என்று வீரபாகு வட்டம் போட்டுக் காட்டியிருக்கிறாரே. இந்தப் பிள்ளை வளர்ந்து, தாடி நரைத்து, தன் வயதுக்கு வரும்போதும் அது இவன் தலைக்கு மேலேதான் இருக்கும். சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டே இருக்கும். பிள்ளையைக் காப்பாற்றவும் வேறு வழியில்லை. புங்கமரத்தடியில் அப்படியே உட்கார்ந்து, எல்லார் முன்னாலும் அழுதார். அழுதுகொண்டே, பதினேழு வருஷம் யாரிடமும் சொல்லாத துண்டின் கதையைச் சொன்னார். மீனைச் சொன்னார், மடித்த மடிப்பைச் சொன்னார், சடையன் தடவிய ஆணியைச் சொன்னார்.

குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது.

"அம்மோனியாவுக்கு மாத்திருங்க முதலாளி" என்றார் கடைசியில்.

சென்னியப்பன் தயங்கினார். "ஏனுங்க, இத்தனையும் சொல்லிப்போட்டு அதையே போடச் சொல்றீங்களே. முட்டையில வாடை ஏறிக்காதுங்களா?"

"ஏறாதுங்க. கெடங்குக்குள்ள அம்மோனியா வராது. காத்து போற பக்கமாப் பாத்து, கடைசி மூலையில தனியாக் கொட்டாய் போட்டு மெஷின வைப்போம். அது உப்புத்தண்ணியக் குளுர வெக்கட்டும். குளுந்த தண்ணி மட்டும் உள்ள வந்து போவட்டும். ஐஸ் கம்பெனியில அப்படித்தான். எனக்கு இது அன்னிக்கே தெரியுங்க, பயத்துல சொல்லல." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அது வந்தா நாத்தத்துலயே ஆள எழுப்பி உட்டுரும். இது சொல்லாம வருது. ஆபரேட்டரா நானே உக்காந்துக்கறேன். மாப்ள எனக்கு மாத்து ஷிஃப்ட் பாக்கட்டும். மக ஊட்ட மட்டும் அந்தக் கோடிக்கு மாத்திக் குடுங்க."

ஆவணியில் கொட்டகை எழும்பி மெஷின் ஓடியது. ஷஃபியுல்லா செவ்வாய்ப்பேட்டைக் கடையைப் பூட்டிவிட்டு, வஹீதுன்னிசாவோடு பண்ணைக்கே வந்துவிட்டார். முதல் நாள் அம்மோனியா வாடை லேசாக மூக்கில் ஏறியபோது எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது, ஓடவில்லை. வாசலில் தன் கையாலேயே ஆணி அடித்தார். வாளியில் தண்ணீர் நிரப்பி, துண்டை நனைத்து மாட்டினார். ஷிஃப்ட் மாற அப்துல் சலாம் வந்தால், அவன் கையைப் பிடித்துத் துண்டின் மேல் வைத்து, "ஈரமா?" என்று கேட்பார். "ஈரந்தான் மாமா" என்று அவன் சொன்ன பிறகுதான் எழுந்திருப்பார். அவன் சலித்துக்கொண்டாலும் விடமாட்டார்.

ஐப்பசியில் ஒரு நாள் மழைக்கு முந்திய புழுக்கம். வெயிலும் விடவில்லை, இலையும் அசையவில்லை. அஜீஸுன்னிசா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். கொட்டகைக்குப் பத்தடி தள்ளி நிற்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம், அங்கேயே நின்றாள். பிள்ளைக்கு முகமெல்லாம் வேர்வை வழிந்தது.

"என்னா வெக்க அத்தா இது! அந்த ஈரத்துண்ட இப்பிடி எடுங்க. மூஞ்சியத் தொடச்சுட்டு ஒடனே தந்தர்றேன்."

ஷஃபியுல்லாவின் கை பாதி தூரம் போய்விட்டது. போன கையை இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம்மா. அது அங்கயே இருக்கட்டும்."

சட்டையைக் கழற்றி வாளியில் நனைத்துக்கொண்டு வெளியே வந்தார். பேரனை வாங்கி, நெற்றியும் கழுத்தும் குளிரக் குளிரத் துடைத்தார். பிள்ளை சிரித்து, அண்ணாந்து வானத்தைப் பார்த்துக் கையை ஆட்டியது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. தன் தலையின் நிழல் பிள்ளையின் முகத்தில் விழும்படி இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டார்.